டென்வரில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனும் வெள்ளை அணுவின் புரதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1989இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் நான்கே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. நோயாளி ஒரே ஒருவன், வயது 12. எழுதியது கார்ல் வொய்ட் என்ற குழந்தைகள் நுரையீரல் மருத்துவரும் அவருடைய குழுவும், ஊர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர். நுரையீரலுக்குள் ரத்தக்குழாய்கள் கட்டுக்கடங்காமல் முளைத்துக்கொண்டே போகும், பல்மனரி கேப்பிலரி ஹெமாஞ்சியோமடோசிஸ் என்ற ஓர் அபூர்வ நோய் அந்தப் பையனுக்கு. கொடுத்த மருந்து, நம் வெள்ளை அணுக்கள் வைரஸைக் கண்டால் சுரக்கிற இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற புரதம். பையன் தேறினான். ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுப்பதற்காகவே மருந்து கொடுக்கப்பட்ட முதல் நோயாளி என்று இன்றைக்கும் அவனைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை யார் சொன்னாலும் ஓர் அற்புதம் மாதிரிதான் சொல்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சலிப்பு உண்டு. அதனால் இங்கே அதை ஒரு கேஸாகவே எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது, எந்த நம்பிக்கையில் ஊசி போட்டார்கள், அந்த ஒரு பையன் தேறியதால் உண்மையில் எது நிரூபணமானது, பின்னால் அதே மருந்தை மற்றவர்களுக்குக் கொடுத்தபோது எங்கே வேலை செய்தது, எங்கே காலை வாரியது.

முதலில் நோய். நுரையீரலின் காற்றுப்பைகளுக்கு நடுவே இருக்கிற சுவர் மிக மெல்லியது, அதில் தந்துகிகள், அதாவது மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள், ஒற்றை வரிசையாகப் படர்ந்திருக்கும். ஆக்சிஜன் சுலபமாகக் கடந்துபோக அப்படித்தான் இருந்தாக வேண்டும். இந்த நோயில் அந்தத் தந்துகிகள் அடுக்கடுக்காகப் பெருகிச் சுவரைத் தடிக்க வைக்கும். அதோடு விடாமல் நுரையீரலின் சிறு சிரைகளின் சுவருக்குள்ளும் புகுந்து அவற்றை அடைக்கும். அடைபட்டால் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தத்துக்கு எதிராக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் களைத்துப்போகும், சிலருக்கு இருமலில் ரத்தம் வரும். இது புற்றுநோய் இல்லை, வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் இருக்கிற இடத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். நெதர்லாந்தைச் சேர்ந்த வாகன்வோர்ட் என்ற நோயியல் நிபுணரும் அவருடன் இருந்தவர்களும் 1978இல்தான் இதை முதன்முதலாக விவரித்தார்கள், அந்த நோயாளி 71 வயது மூதாட்டி. ஆக டென்வர் பையனுக்கு நோய் வந்தபோது அந்த நோய்க்குப் பெயர் வைத்தே சுமார் பத்து வருடம்தான் ஆகியிருந்தது.

இன்னொரு சிக்கல். நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறினால் குழாய்களை விரிக்கும் மருந்து கொடுப்பதுதான் பொதுவான வழி. இந்த நோயில் அதுவே ஆபத்து. முன்பக்கக் குழாயை விரித்துவிட்டால் ரத்தம் வேகமாக உள்ளே வரும், பின்பக்கம் சிரைகள் அடைத்திருப்பதால் வெளியே போக வழியில்லாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கதவை அகலமாகத் திறந்துவிட்டுக் கொல்லைப்புற வாசலைப் பூட்டி வைத்த கல்யாண மண்டபம் மாதிரி.

சரி, இப்போது புரதம்.

1957இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிலையத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இரண்டு பேர், வெப்பத்தால் செயலிழக்க வைத்த இன்ஃபுளுயன்சா வைரஸைக் கோழிமுட்டைச் சவ்வில் போட்டுப் பார்த்தார்கள். அந்தச் சவ்விலிருந்து கசிந்த ஏதோ ஒன்று வேறு செல்களை வைரஸிடமிருந்து காப்பாற்றியது. வைரஸின் வேலையில் குறுக்கிடுவதால் இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். அதற்கப்புறம் இருபது வருடமும் பெரிய தலைவலி, அதைப் போதுமான அளவு தயாரிப்பதுதான். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் கரி கான்டெல் என்பவர் தானமாக வந்த ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் மேல் சென்டாய் வைரஸை விட்டு, அவை சுரப்பதைச் சேகரித்தார். உலகத்தில் ஆராய்ச்சிக்குக் கிடைத்த இன்டர்ஃபெரானில் பெரும்பங்கு வெகுகாலம் அங்கிருந்துதான் வந்தது. சொட்டுச் சொட்டாக.

புற்றுநோயை இது குணமாக்கிவிடும் என்று ஒரு பெரிய எதிர்பார்ப்பும் கிளம்பியது. 1978இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 20 லட்சம் டாலர் ஒதுக்கி இன்டர்ஃபெரான் வாங்கியது, 1980 மார்ச்சில் டைம் பத்திரிகை அட்டைப்படமே போட்டது. அதே 1980இல் சார்லஸ் வைஸ்மனின் குழு அதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரிக்க வழி கண்டதும் பஞ்சம் தீர்ந்தது. ஆனால் நிறையக் கிடைத்த பிறகு பார்த்தால் பெரும்பாலான புற்றுநோய்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1986இல் ஹேரி செல் லுகேமியா என்ற ஓர் அரிய ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஊதின பலூனில் பாதிக் காற்று போன நிலை.

நம் கேஸுக்கு வேண்டிய விஷயம் அந்த ஆரவாரத்துக்கு நடுவே சத்தமில்லாமல் வந்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவர், கட்டிகள் வளர வேண்டுமானால் புது ரத்தக்குழாய் வேண்டும், அந்தக் குழாயை நிறுத்தினால் கட்டி நிற்கும் என்று 1971இலேயே எழுதியிருந்தார். பலர் அவரைச் சிரித்தே ஒதுக்கினார்கள். அவருடைய ஆய்வகத்தில் 1979இல் தந்துகியின் உள்சுவர் செல்களை, அதாவது எண்டோதீலியல் செல்களை, தட்டில் நீண்டகாலம் வளர்க்கும் வித்தை கைகூடியது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அது வந்த பிறகுதான் எந்தப் பொருள் இந்தச் செல்லை உசுப்புகிறது, எது அடக்குகிறது என்று நேரடியாகப் பார்க்க முடிந்தது. அடுத்த வருடமே புரூஸ் ஜெட்டரும் டேனியல் ப்ரூட்டி-பொயேயும் சயன்ஸ் இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். இன்டர்ஃபெரானைப் போட்டால் இந்தச் செல்கள் நகர்வது குறைகிறது. புதுக் குழாய் முளைக்கும்போது முனையில் இருக்கிற செல் தவழ்ந்து முன்னே போக வேண்டும், பின்னால் இருப்பவை பெருகி அதைத் தொடர வேண்டும். தவழவே விடாவிட்டால்? 1987இல் சிட்கியும் போர்டனும் உயிருள்ள எலிகளிலேயே இன்டர்ஃபெரான் புதுக் குழாய் முளைப்பதைத் தடுக்கிறது என்று காட்டினார்கள்.

அதாவது வொய்ட் தன் நோயாளிக்கு என்ன செய்வது என்று தேடி ஃபோக்மனைத் தொடர்புகொண்ட சமயத்தில் மேசையில் இருந்தவை: தட்டில் நடந்த ஒரு சோதனை, எலியில் நடந்த ஒரு சோதனை, வேறு நோய்க்காக அனுமதி பெற்று மருந்துக்கடையில் கிடைக்கிற ஒரு புரதம், அதன் பக்கவிளைவுகள் பற்றிப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு இருந்த அனுபவம். நுரையீரல் ரத்தக்குழாய்ப் பெருக்கத்துக்கு இதைக் கொடுத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

இந்த இடத்தைத்தான் நான் கேஸின் மையம் என்பேன். மருந்து புதிதல்ல, மருந்தைப் பார்த்த கோணம் புதிது. அதுவரை இன்டர்ஃபெரானைக் கொடுத்தவர்கள் எல்லாரும் புற்றுநோய் செல்லை நேரடியாகக் கொல்லும் அல்லது நோய் எதிர்ப்பைத் தூண்டும் என்ற நினைப்பில் கொடுத்தார்கள். தாங்குகிற உச்சபட்ச அளவில் கொடுப்பதுதான் அந்த நினைப்புக்குப் பொருந்தும். இங்கே இலக்கு வேறு. குழாயின் உள்சுவர் செல் சாக வேண்டாம், வளராமல் இருந்தால் போதும். அதற்குக் குறைந்த அளவு போதும், ஆனால் விடாமல், நாள்தோறும், மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஏனென்றால் நிறுத்திய மறுநாளே தூண்டும் பொருள் அங்கேதான் இருக்கும். பலனும் மெதுவாகத்தான் தெரியும். வாரக்கணக்கில் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டி சுருங்கவில்லை, மருந்து தோல்வி என்று எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பிடிபட வெகுநாள் ஆயிற்று.

பையன் தேறினான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இப்போது ஒரு சந்தேகப் பேர்வழி மாதிரி கேட்போம், ஒருவன் தேறியதால் என்ன?

வழக்கமான பதில், ஒரு நோயாளியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது. பொதுவாக அது சரி. ஆனால் எல்லா ஒற்றை கேஸும் ஒரே எடை இல்லை. சளி பிடித்தவனுக்குக் கஷாயம் கொடுத்து ஒரு வாரத்தில் சரியானால் அந்தக் கஷாயத்தைப் பற்றி எதுவும் தெரிந்துவிடவில்லை, சளி எப்படியும் ஒரு வாரத்தில் போகும். தானாக ஒருபோதும் பின்வாங்காத நோய் பின்வாங்கினால் அது வேறு. இந்த நுரையீரல் நோய் இரண்டாவது வகை, தானாகத் திரும்பிப்போகும் என்று யாரும் எதிர்பார்க்காத நோய். அதனால் அந்த ஒரு பையன், சில விஷயங்களில், அடுத்து வந்த இருபது குழந்தைகளை விடக் கனமான சாட்சி என்பது என் கருத்து. சண்டைக்கு வருபவர்கள் அடுத்த பகுதியைப் படித்துவிட்டு வரலாம்.

இருபது குழந்தைகள்

1992இல் அதே நியூ இங்கிலாந்து ஜர்னலில் ஆலன் எசகோவிட்ஸ், ஜான் மல்லிகன், ஃபோக்மன் மூவரும் ஒரு தொடரை வெளியிட்டார்கள். ஹெமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டி உள்ள 20 கைக்குழந்தைகள். பிறந்து சில வாரத்தில் சிவப்பாகத் தலைகாட்டுமே, நம்மில் பலர் செம்மச்சம் என்று சொல்லி விட்டுவிடுவோம், அதுதான். நூற்றுக்கு நான்கைந்து குழந்தைகளுக்கு வரும், சில மாதங்கள் வேகமாக வளரும், பிறகு நிற்கும், சில வருடங்களில் தானாகவே வற்றிப்போகும். பெரும்பாலானவற்றுக்கு வைத்தியமே வேண்டாம். ஆனால் மூச்சுக்குழாயிலோ கண்ணை மறைத்தோ ஈரலிலோ வந்தால் கதை வேறு, வற்றும் வரை குழந்தை தாங்காது. அன்றைக்கு இருந்த மருந்து ஸ்டீராய்டு. இந்த இருபதும் அதற்கு மசியாதவை, உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்தானவை.

தோலுக்கடியில் தினமும் ஊசி, உடல் பரப்பளவில் சதுர மீட்டருக்கு 30 லட்சம் யூனிட் வரை. 20 பேரில் 18 பேருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது, சராசரியாக 7.8 மாதத்தில். ஒப்பிட்டுப் பாருங்கள், மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குப் பின்னாளில் கொடுத்த அளவு சதுர மீட்டருக்கு 2 கோடி யூனிட், நரம்பு வழியாக, வாரம் ஐந்து நாள், ஒரு மாதத்துக்கு.

இருபதில் பதினெட்டு அபாரமான எண்தான். ஆனால் அந்தக் கட்டி தானாகவே வற்றும் சுபாவம் உள்ளது, மருந்து கொடுக்காத குழந்தைகள் பக்கத்தில் ஒப்பீட்டுக்கு இல்லை. வளர்ந்துகொண்டிருந்த கட்டி சரியாக அந்த மாதங்களில் திரும்பியது மருந்தாலா காலத்தாலா என்று ஒவ்வொரு குழந்தையிலும் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்தால்தான் என்று நானும் நம்புகிறேன், ஸ்டீராய்டுக்கு அடங்காமல் உயிர்போகும் நிலையில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக அடங்கினால் அதைத் தற்செயல் என்று சொல்வது பிடிவாதம். ஆனாலும் டென்வர் பையனுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை, இங்கே எழுகிறது.

தாடை எலும்பில் வந்த தடயம்

1999இல் வந்த மூன்றாவது கேஸ் எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தை, கீழ்த்தாடை எலும்பில் ஜெயன்ட் செல் கட்டி. வெட்டி எடுத்தார்கள், இரண்டே மாதத்தில் வளர்ந்துவிட்டது. மறுபடி வெட்டினார்கள், நான்கு மாதத்தில் மறுபடி. அடுத்ததாகச் செய்ய வேண்டியது தாடையையே பெருமளவு எடுப்பது, ஐந்து வயதில். லியனார்ட் கபன் என்ற தாடை அறுவை மருத்துவரும் மேலே சொன்ன எசகோவிட்ஸ், மல்லிகன், ஃபோக்மன் மூவரும் சேர்ந்து குழந்தையின் சிறுநீரைச் சோதித்தார்கள். எஃப்.ஜி.எஃப் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வளர்ச்சிப் புரதம், சுருக்கமாக பி.எஃப்.ஜி.எஃப், அளவுக்கு மீறி இருந்தது. ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களைப் பெருகச் சொல்லும் சமிக்ஞைகளில் அது ஒன்று. வளர்கிற ஹெமாஞ்சியோமா உள்ள குழந்தைகளின் சிறுநீரிலும் அதுதான் ஏறியிருக்கும்.

இதற்கு நான்கு வருடம் முன்பு, 1995இல், ஹூஸ்டனில் ஐசயா ஃபிட்லரின் ஆய்வகம் ஒன்றைக் கண்டிருந்தது: இன்டர்ஃபெரானின் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு வகைகளும் மனிதப் புற்றுநோய் செல்கள் பி.எஃப்.ஜி.எஃப் தயாரிப்பதையே குறைக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வைத்தியம் தானாக விழுகிறது. ஒரு வருடம் விடாமல் இன்டர்ஃபெரான் கொடுத்தார்கள். கட்டி மறைந்தது, சிறுநீரில் அந்தப் புரதம் சாதாரண அளவுக்கு இறங்கியது, தாடை எலும்பு மறுபடி வளர்ந்தது. கட்டுரை எழுதும்போது மருந்தை நிறுத்தி மூன்று வருடம், கட்டி திரும்பவில்லை.

இங்கே வந்ததும் டென்வர் கேஸைத் திரும்பிப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. இன்டர்ஃபெரானைப் பொத்தாம்பொதுவாக ரத்தக்குழாயை நிறுத்தும் மருந்து என்று சொல்வதுதான் பிழை. குழாய் முளைக்கப் பல எரிபொருள்கள் உண்டு. பி.எஃப்.ஜி.எஃப் ஒன்று, வி.இ.ஜி.எஃப் என்பது இன்னொன்று, இன்னும் பல. இன்டர்ஃபெரான் அவற்றில் முதலாவது வரும் வால்வைத் திருகி மூடுகிறது, கூடவே உள்சுவர் செல்லின் நகர்வையும் மட்டுப்படுத்துகிறது. நோய் எந்த எரிபொருளில் ஓடுகிறதோ அதைப் பொறுத்துத்தான் பலன்.

இதற்கு எதிர்ப்பக்கச் சாட்சியும் இருக்கிறது. வயதானவர்களுக்கு விழித்திரைக்குக் கீழே கோணல்மாணலாகக் குழாய் முளைத்துப் பார்வையைப் பறிக்கும் மாக்குலர் டிஜெனரேஷன் என்ற நோய். அதற்கும் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2ஏ கொடுத்துப் பார்த்தார்கள், இந்தத் தடவை சரியான முறையில், 481 நோயாளிகள், ஒரு பகுதியினருக்குப் போலி மருந்து. 1997இல் முடிவு வந்தது: பலன் இல்லை. பின்னால் அந்தக் கண்நோய்க்கு உண்மையில் வழி பிறந்தது வி.இ.ஜி.எஃப் புரதத்தைப் பிடித்துக்கட்டும் மருந்துகளால்தான், 2006இல் அனுமதி பெற்ற ரானிபிசுமாப் அதில் ஒன்று. வேறு எரிபொருள், வேறு வால்வு. ஆனால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், அந்த 481 பேர் சோதனையில் ஊசி தினமும் இல்லை, வாரத்துக்கு மூன்று. தோற்றதற்கு அதுவும் காரணமா என்று கேட்பவரை முட்டாள் என்று சொல்லமாட்டேன்.

ஏனென்றால் அளவும் அட்டவணையும் இந்தப் புரதங்களில் அவ்வளவு முக்கியம். ஃபிட்லரின் ஆய்வகமே 1999இல் எலிகளில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை வைத்து இதைக் காட்டியது, மொத்தமாக அள்ளிக் கொடுப்பதை விடக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்தபோதுதான் குழாய் வளர்ச்சி சம்பந்தப்பட்ட மரபணுக்கள் நன்றாக அடங்கின. மழை ஒரே நாளில் கொட்டினால் ஏரி உடையும், பயிருக்குச் சொட்டுநீர்தான் பிடிக்கும்.

மனிதர்களில் இதற்குக் கொடூரமான ஒரு சான்று இன்டர்லூக்கின்-12. மேக்ரோபேஜ், டென்ட்ரிட்டிக் செல் போன்ற நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் புரதம் அது. நேரடியாகக் குழாயைத் தொடாமல் டி செல்களையும் இயற்கைக் கொல்லி செல்களையும் தட்டியெழுப்பும், அவை இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும், அந்தக் காமா சுற்றியுள்ள செல்களை ஐ.பி-10 என்ற இன்னொரு சிறு புரதத்தைச் சுரக்க வைக்கும், கடைசியில் அந்த ஐ.பி-10தான் உள்சுவர் செல்லுக்குத் தடை போடும். ஒரு தலைமை எழுத்தர் உதவியாளரிடம் சொல்லி, அவர் கடைநிலை ஊழியரிடம் சொல்லி, கடைசியில் அவர் போய்க் கேட்டைப் பூட்டுகிற மாதிரி. 1995இல் இந்தச் சங்கிலியின் துண்டுகள் எலிகளில் வெளிப்பட்டன. மனிதர்களுக்குக் கொடுத்தபோது முதல் கட்டச் சோதனையில் தாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் கட்டத்தில் அதே அளவு, 17 சிறுநீரகப் புற்றுநோயாளிகள், 12 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது, இருவர் இறந்தார்கள். ஆராய்ந்ததில் வித்தியாசம் ஒன்றே ஒன்று: முதல் கட்டத்தில் பரிசோதனைக்காக இரண்டு வாரம் முன்னதாக ஒற்றை ஊசி ஒன்று போட்டிருந்தார்கள். அது உடலைப் பழக்கியிருந்தது. இரண்டாம் கட்டத்தில் அந்த ஊசியைத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இவ்வளவையும் படிக்கும்போது எழும் இயல்பான கேள்வி, நோய் எதிர்ப்புச் செல்களுக்கு எதற்கு ரத்தக்குழாய் மேல் அதிகாரம்? காயத்தை நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும். காயம் பட்டதும் மேக்ரோபேஜ்கள் வந்து குழாய்களை வா வா என்று அழைக்கும், ஆறும் புண் சிவந்து துளிர்ப்பது அதனால்தான். ஆனால் ஆறிய பிறகு அத்தனை குழாயும் அங்கே வேண்டாம், பெரும்பகுதி வற்றிப்போக வேண்டும், தழும்பு வெளுக்க வேண்டும். வரச்சொல்லத் தெரிந்த கூட்டத்துக்குப் போகச்சொல்லவும் தெரிந்திருப்பது நியாயம்தானே. ஐ.பி-10ஐ அந்த இரண்டாவது குரல்களில் ஒன்றாகப் பார்க்கிறார்கள்.

கணக்கு வந்த நாள்

உடலே சுரக்கும் பொருள், அதுவும் குறைந்த அளவில், அதனால் பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் 1998ஐக் காட்டுங்கள். எசகோவிட்ஸ் கட்டுரையில் பதிவான பக்கவிளைவுகள் காய்ச்சல், வெள்ளை அணு எண்ணிக்கை குறைவது போன்றவை, நிறுத்தினால் சரியாகிவிடும் ரகம். ஆறு வருடம் கழித்து சார்லஸ் பார்லோ என்ற நரம்பியல் மருத்துவரும் மற்றவர்களும், அவர்களில் மல்லிகனும் ஒருவர், இன்டர்ஃபெரான் பெற்ற 26 கைக்குழந்தைகளைக் கவனித்து எழுதினார்கள். ஐந்து பேருக்குக் கால்கள் விறைத்துவிட்டன. ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா, மூளையிலிருந்து காலுக்குப் போகும் நரம்புப் பாதை கெட்டு வரும் விறைப்பு. உயிரைக் காப்பாற்றிய மருந்து நடையைப் பறித்தது.

பையனுக்கு வராதது ஏன் கைக்குழந்தைகளுக்கு வந்தது? அவன் வயது 12. பிறந்த முதல் ஒன்றிரண்டு வருடத்தில்தான் நரம்பிழைகள் மேல் மயலின் உறை வேகமாகப் படர்கிறது, அந்தச் சமயத்தில் வளர்ச்சிச் சமிக்ஞைகளில் மாதக்கணக்கில் கை வைப்பது மூளைக்கு ஆகாது என்பது பலரும் சொல்லும் விளக்கம். எனக்கு இது ஏற்கும்படி இருக்கிறது. ஒரு பெரிய பையனின் கேஸை வைத்துக் கைக்குழந்தைகளுக்குப் போனார்கள், புரதம் அதேதான், ஆனால் உடல் அதே உடல் இல்லை. அந்த ஒற்றை கேஸ், மருந்து வேலை செய்யும் என்பதற்கு நல்ல சாட்சி. யாருக்கெல்லாம் கெடுதல் செய்யும் என்பதற்கு அது சாட்சியே இல்லை, இருக்கவும் முடியாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மூச்சு அடைத்துக்கொண்டிருக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு மயலினைப் பற்றி யார் யோசிப்பார்கள். தாங்கள் கொண்டுவந்த வைத்தியத்தின் கெடுதலைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு வயதுக்குக் கீழ் இன்டர்ஃபெரான் கொடுக்க மருத்துவர்கள் தயங்கினார்கள். 2008இல் தயக்கத்துக்கே வேலையில்லாமல் போயிற்று. பிரான்சின் போர்டோவில் கிறிஸ்டீன் லெயோத்தே-லப்ரேஸ் என்ற தோல் மருத்துவரும் குழுவும் கவனித்த ஒரு குழந்தை, ஹெமாஞ்சியோமாவுக்காக ஸ்டீராய்டு எடுத்ததில் இதயத் தசை தடித்துவிட்டது. இதயத்துக்காக புரோப்ரனலால் கொடுத்தார்கள், ரத்த அழுத்தத்துக்கு ஊரெல்லாம் விழுங்குகிற அதே பழைய மாத்திரை. மறுநாளே கட்டியின் கடும் சிவப்பு ஊதாவாக மாறி இளகியது. 2015இல் வந்த முறையான சோதனையில் ஆறு மாதம் மருந்து பெற்ற குழந்தைகளில் 60 சதவீதத்தினருக்குக் கட்டி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்தது, போலி மருந்து பெற்றவர்களில் 4 சதவீதம். தினமும் ஊசி இல்லை, கால் விறைப்பு இல்லை. இந்த ஆய்வுக்கு ஒப்பீட்டுக் குழு இருந்தது என்பதைக் கவனியுங்கள், தானாக வற்றும் கட்டியில் அந்த 4 சதவீதத்தைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் அறுபதுக்கு அர்த்தமே வருகிறது. ஃபோக்மன் இதைப் பார்க்கவில்லை. 2008 ஜனவரியில் ஒரு மாநாட்டுக்குப் போகும் வழியில் விமான நிலையத்தில் இறந்துபோனார், போர்டோ கட்டுரை வந்தது ஜூனில். அந்த விமான நிலையம் இருந்த ஊர் டென்வர், வேறு ஊராக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றும்.

திரும்ப அந்த நுரையீரலுக்கு

இன்று அதே நோயோடு ஒரு பிள்ளை வந்தால் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் இன்டர்ஃபெரான் முதல் மருந்தாக இராது. நுரையீரல் மாற்று அறுவைக்குப் பெயர் எழுதுவார்கள், அதுதான் நிலையான வழி. கூடவே ரத்தம் எடுத்து இ.ஐ.எஃப்.2.ஏ.கே.4 என்ற மரபணுவைப் பார்ப்பார்கள். 2014இல் அதன் பிறழ்வுதான் இந்த நோயின் பரம்பரை வடிவத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. அதே வருடம் நுரையீரல் சிரைகள் அடைபடும் இன்னொரு நோய்க்கும் அதே மரபணு என்று தெரிந்ததும், இரண்டும் தனித்தனி நோய்களா ஒன்றின் இரண்டு முகங்களா என்று ஆகிவிட்டது. இன்னொரு வேடிக்கை, நுரையீரல் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் மருந்துகளின் பட்டியலில் இப்போது இன்டர்ஃபெரானும் இருக்கிறது. டென்வரில் அழுத்தம் ஏறிய நுரையீரலைக் காப்பாற்றக் கொடுத்த அதே புரதம்.

அதனால் எனக்கு ஓர் ஆசை. 1989இல் அந்தப் பையனுக்கு நோய் என்று சொன்னது நுண்ணோக்கியில் தெரிந்த வடிவத்தை வைத்து. மரபணுச் சோதனை அன்று கிடையாது. அவனுக்கு அந்தப் பிறழ்வு இருந்ததா? அவனுடைய நுரையீரல் எந்த எரிபொருளில் ஓடியது, ஹெமாஞ்சியோமா மாதிரி பி.எஃப்.ஜி.எஃப்-இலா? இந்த மரபணு உடைந்தவர்களுக்கும் இன்டர்ஃபெரான் அதே பலனைக் கொடுக்குமா, அல்லது அவனுக்கு வந்தது பார்வைக்கு ஒன்றுபோல இருந்த வேறு ஒரு நோயா? அன்று எடுத்த திசுத் துண்டு மெழுகில் பதித்து எங்காவது ஓர் அலமாரியில் இருந்தால், இன்று ஒரு மத்தியான வேலையில் முதல் கேள்விக்காவது பதில் தெரிந்துவிடும்.